மூன்று மிதி

பெர்த்தாவின் பிரேக்கை ஒரு மிதி மிதித்தால் ஒன்றும் ஆகாது. கால் பாட்டுக்குத் தரைவரை போகும். இரண்டாவது மிதியில் கொஞ்சம் உயிர் வரும். மூன்றாவது மிதியில்தான் பிடிக்கும். இது எனக்குத் தெரியும், என் தம்பி ஆரினுக்குத் தெரியும். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை என்றுதான் அந்தச் செவ்வாய்க்கிழமைவரை நினைத்திருந்தேன்.

பெர்த்தா என் கார். வெள்ளி நிறம், நீள உடம்பு. ஒரு காலத்தில் இந்த வடக்கு மினசோட்டாவில் தெருவுக்கு நாலு வண்டி இதே மாதிரி நின்றன. இப்போது அநேகமாக எல்லாம் துருப்பிடித்து ஒழிந்துவிட்டன. பனிக்காலத்தில் சாலையில் கொட்டுகிற உப்பு கதவுக்கு அடியில் ஓட்டை போட்டுவிட்டது. முன் சக்கரம் ஒன்று ‘ஊங்’ என்று ஓயாமல் அழும். வளைவில் திரும்பும்போது அடியில் எங்கோ பாத்திரம் உருளும். ஹீட்டர் மூச்சு விடும், சூடு வராது. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆகவேண்டும்? ஏறிக்கொண்டிருந்தேன்.

பழைய கார் வைத்திருப்பவளுக்குக் காதுதான் முதல் எதிரி. பக்கத்தில் உட்கார்ந்து யாராவது பேசினால் எனக்கு ஒன்றும் ஏறாது. ‘ஊங்’ கொஞ்சம் சுருதி கூடிவிட்டதா, உருளுகிற பாத்திரம் இன்று இடப்பக்கம் போய்விட்டதா என்றே மனம் ஓடும். முன்பலகையில் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்துகொண்டே இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க வயிற்றில் புளியைக் கரைத்ததால் மேலே கறுப்பு டேப் ஒட்டிவிட்டேன். விளக்கு மறைந்தது. புளி கரைவது நிற்கவில்லை.

போதாக்குறைக்கு ஸ்டார்ட்டரும் சண்டித்தனம். ஒருமுறை அணைத்தால் மறுபடி கிளம்புமா என்பது கடவுளுக்கே வெளிச்சம். அதனால் கடைக்குப் போனால் நான் இன்ஜினை அணைப்பதே இல்லை. எங்கள் ஊரில் இதை யாரும் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள். ஜனவரியில் நல்ல வண்டிக்காரர்களே சாவியை உள்ளேயே விட்டுவிட்டு, இன்ஜின் ஓட ஓட, பூட்டாமல் கடைக்குள் போவார்கள். மளிகைக் கடை வாசலில் ஆளில்லாத கார்கள் வரிசையாகப் புகை விட்டுக்கொண்டு நிற்கும். திருடனும் அந்தக் குளிரில் வீட்டை விட்டு வரமாட்டான்.

முந்தின நாள் ஆரின் போன் செய்திருந்தான். அவனுக்கு ஊர் எல்லையில் சின்ன மெக்கானிக் பட்டறை.

“மார்லிஸ், பிரேக்குக்கு மாஸ்டர் சிலிண்டர் வியாழக்கெழம வருது. அதுவரைக்கும் வண்டியத் தொடாத.”

“தொடாம? முதியோர் இல்லத்துல அத்தன பேருக்கும் சூப்பு யாரு வைப்பா, நீயா?”

“நான் வெச்சா அன்னைக்கே எல்லாரும் போய்ச் சேந்துருவாங்க. வெளையாட்டில்ல மார்லிஸ். இன்னைக்கு மூணு மிதில நிக்குது. ஒரு நாள் முப்பது மிதிச்சாலும் நிக்காது.”

“எல்லாம் எனக்குத் தெரியும். தூரத்துலயே மிதிக்க ஆரம்பிச்சுருவேன், கியரக் கொறச்சுருவேன். என் வண்டி, என் உயிரு. நான் பாத்துக்கறேன்.”

“பிடிவாதத்துல அப்படியே அப்பாதான் நீ” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். சமையல் வேலைக்கு நான் ஒரு நாள் போகாவிட்டால் அந்த இடத்தில் ஆயிரம் பேர் நிற்பார்கள் என்பது அவனுக்கு எங்கே புரியும்? பேருந்து கிடையாது, டாக்சி கிடையாது. கார் இல்லாதவளுக்கு எங்கள் பக்கத்தில் வேலையும் கிடையாது. அதுதான் விஷயம்.

செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குப் போகும் வழியில் முட்டையும் வெண்ணெயும் வாங்கக் கடைக்குள் நுழைந்தேன். பெர்த்தா வழக்கம்போல வாசலில் ஓடிக்கொண்டு நின்றாள். குளிர் என்றால் குளிர், மூக்குக்குள் முடி உறைகிற குளிர். வெளியே வந்தபோது அந்த மூலையில் வெள்ளிக் கார் கண்ணாடியெல்லாம் பனி பூத்து, புகை விட்டுக்கொண்டு நின்றது. தலையைக் குனிந்துகொண்டு ஓடிப்போய் ஏறி, பையைப் பக்கத்து சீட்டில் வைத்து, கண்ணாடியில் கை அகலத்துக்குத் துடைத்துக்கொண்டு கிளம்பினேன்.

தெருமுனை தாண்டியதும்தான் உறைத்தது. ‘ஊங்’ இல்லை.

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். பாத்திரம் உருளவில்லை. ஹீட்டரிலிருந்து குப்பென்று சூடு வந்தது. எனக்கு மகிழ்ச்சியா வந்தது? பயம்தான் வந்தது. அணையப் போகிற விளக்குதான் பிரகாசமாக எரியும் என்பார்கள். சாகக் கிடந்தவள் எழுந்து உட்கார்ந்து நெய்ச்சோறு கேட்டால் வீட்டில் இருப்பவர்களுக்கு அடிவயிறு கலங்காதா? ஏதோ பெரிதாக முறியப் போகிறது என்று ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

முன்னே ஸ்டாப் பலகை வந்தது. பழக்கப்படி தூரத்திலேயே கால் முழுக்க அழுத்தி ஒரு மிதி வைத்தேன்.

கார் அறைந்தாற்போல நின்றது. என் நெஞ்சு ஸ்டியரிங்கில் இடித்தது. முட்டைப் பெட்டி பறந்து போய் முன்கண்ணாடியில் உடைந்து வழிந்தது. “அட கடவுளே!” என்று கத்தியது நான்தான்.

அப்புறம்தான் கண்ணைத் திறந்து பார்த்தேன். முன்பலகையில் கறுப்பு டேப் இல்லை. முதுகுக்கு ஒரு பூப்போட்ட மெத்தை. புதினா மிட்டாய் வாசனை. இரண்டு சீட்டுக்கும் நடுவில், கோப்பை வைக்கிற குழியில், காது மெஷினுக்குப் போடுகிற பொட்டுபோன்ற பேட்டரிகள் ஒரு அட்டை. அதன் பக்கத்தில் பெரிய எழுத்துப் பொத்தான் வைத்த கைப்பேசி.

இது பெர்த்தா இல்லை. பெர்த்தாவை வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். காது கேளாத யாரோ.

 அந்த ‘ஊங்’ எனக்கு எமனாக இருந்ததே தவிர, அதுவும் ஒரு எச்சரிக்கைதானே. அது காதில் விழாத ஆள். சிவப்பு விளக்கை நானே ஒட்டி மறைத்து வைத்திருக்கிறேன். மூன்று மிதி என்று சொல்ல பக்கத்தில் நானும் இல்லை. காரைத் திருப்பிக்கொண்டு கடைக்குப் பறந்தேன்.

கல்லாவில் வெர்னா இருந்தாள். எங்கள் ஊரில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை அவளிடம் கேட்கலாம்.

“வெர்னா! வெள்ளிக் கார்ல யாரு போனது? எனக்கு முன்னாடி!”

“ரெய்னோ சல்மேலாதான். ஒன்னோடது மாதிரியே வண்டி வெச்சிருக்காரே பெரியவரு. ஏன், என்னாச்சு? மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு?”

“அவரு எடுத்துட்டுப் போனது என் வண்டி! அதுல பிரேக்கு இல்ல!”

வெர்னா கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள். “பிரேக்கு இல்லயா? நீ அதுலதானே தெனம் வர்ற?”

“எங்க போறாரு, அதச் சொல்லு!”

“செவ்வாய்க்கெழமன்னா ஆய்லி பியூட்டி பார்லர் போவா. பொண்டாட்டியக் கூட்டிட்டு வரப் போயிருப்பாரு. ஏரிக்கரைல...” என்றவள் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயையோ, சுரங்க மேட்டு ரோடு.”

சுரங்க மேட்டு ரோடு நேராகக் கீழே இறங்கும். அடியில் ஸ்டாப் பலகை. அதைத் தாண்டினால் பெரிய சாலை. காட்டு மரம் ஏற்றின லாரிகள் பகலெல்லாம் அதில் பறக்கும். பார்லர் அந்தச் சாலைக்கு அந்தப் பக்கம்.

“போன் போடு வெர்னா!”

அவள் போட்டாள். நான் வாசலுக்கு ஓடிப்போய்க் காரில் ஏறினால், பெரிய பொத்தான் போன் என் பக்கத்திலேயே மணி அடித்துக்கொண்டிருக்கிறது. நல்ல கூத்து! அதை அடிக்க விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. ரெய்னோ சவ ஊர்வலத்தில் போகிறவர் மாதிரி ஓட்டுவார். அவருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊரில் திட்டாதவர்கள் கிடையாது, நானும் திட்டியிருக்கிறேன். அன்று மட்டும், “பெரியவரே, இன்னும் மெதுவாப் போங்க, இன்னும் மெதுவா” என்று வாய்விட்டுக் கெஞ்சிக்கொண்டே போனேன். சமதரையில் ஊர்ந்து போகிறவருக்குப் பிரேக்கே வேண்டியதில்லை. மேட்டின் உச்சி வந்தால்தான் வேண்டும்.

தேவாலயத்தைத் தாண்டியதும் பெர்த்தாவின் பின்பக்கம் தெரிந்தது. உச்சியில் இருந்தாள். நான் ஹாரனை அழுத்திப் பிடித்தேன், விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தேன். பெரியவரின் காதை மூடிய குல்லாய் ஆடாமல் அசையாமல் முன்னே பார்த்துக்கொண்டிருந்தது. பெர்த்தா மூக்கைத் தாழ்த்தி இறங்க ஆரம்பித்தாள்.

அவளுடைய பின்விளக்குகள் சிவப்பாக எரிந்தன.

நான் ஓட்டினால் அவை விட்டு விட்டு எரியும். ஒன்று, இரண்டு, மூன்று. இப்போது விடாமல் எரிந்தன. அவர் மிதித்த காலை எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றாது. நல்ல வண்டி ஓட்டிப் பழகிய யாருக்கும் தோன்றாது. விளக்கு எரிந்துகொண்டே இருக்க, வண்டி வேகம் பிடித்துக்கொண்டே போனது.

“எடுங்க! காலை எடுத்து மிதிங்க!” என்று கத்தினேன். யார் காதில் விழும்? மூடின கண்ணாடிக்குள் எனக்கே இரைச்சலாக இருந்தது. கீழே பெரிய சாலையில் ஏரியின் வளைவைச் சுற்றி ஒரு மரலாரி வந்துகொண்டிருப்பது தெரிந்தது.

அதற்கப்புறம் நான் யோசித்துச் செய்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எதிர்ப்பக்கம் ஏறி அவரைத் தாண்டினேன். பக்கவாட்டில் அவர் முகம் ஒரு கணம் தெரிந்தது. பயந்த முகம் இல்லை. எதையோ இழந்துவிட்ட முகம். தாண்டி அவருக்கு நேர் முன்னால் வந்து வேகத்தைக் குறைத்தேன். பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பெர்த்தா பெரிதாகிக்கொண்டே வந்தாள். டொக். இடித்தாள். பற்களைக் கடித்துக்கொண்டு அந்த நல்ல பிரேக்கை மிதித்தேன்.

அது காலடியில் கடகடவென்று உதறியது. பனிக்கட்டியில் இரண்டு வண்டியும் ஒட்டிக்கொண்டு சறுக்கின. பின்னாலிருந்து பெர்த்தா என்னைத் தள்ளுகிறாள். எத்தனையோ வருடம் நான் அவளைத் தள்ளியதற்குப் பழி வாங்குகிற மாதிரி தள்ளுகிறாள். ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்து, ஓரத்தில் இடுப்புயரம் குவிந்திருந்த பனிக்குள் உரசவிட்டேன். பனி கண்ணாடியை மூடியது. ஸ்டாப் பலகை வலப்பக்க ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நாங்கள்தான் நின்றிருந்தோம்.

முன்னால் மரலாரி இரைந்துகொண்டு போனது. அதன் காற்றில் கார் ஆடியது.

காலை பிரேக்கிலிருந்து எடுக்கவே பயமாக இருந்தது. கியரைப் பார்க்கில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் எடுத்தேன். கதவைத் திறந்து இறங்குவதற்குள் ரெய்னோ வந்துவிட்டார், குல்லாய் கோணியிருந்தது.

“ஏம்மா! கண்ணு புட்டத்துலயா இருக்கு? எறக்கத்துல ஓவர்டேக் பண்ணி முன்னாடி வந்து பிரேக்கப் போடுற? ஒனக்கெல்லாம் யாரு லைசென்ஸ் குடுத்தா?” என்றவர், நான் இறங்கின காரைப் பார்த்தார். திரும்பித் தான் இறங்கின காரைப் பார்த்தார். மறுபடி இதைப் பார்த்தார். “இது என் வண்டி!”

“உங்க வண்டிதான்! நீங்க எடுத்துட்டு வந்தது என் வண்டி!”

“என்ன?”

“என் வண்டி!”

“ஒண்ணும் கேக்கல. பேட்டரி தீந்துபோச்சு.”

அவரைப் பிடித்து அவருடைய காரில், அவருடைய சீட்டில் உட்கார வைத்தேன். பின்னால் போய்ப் பெர்த்தாவின் சாவியைத் திருப்பி அணைத்தேன். இனி அவள் கிளம்பமாட்டாள் என்று தெரிந்தேதான் அணைத்தேன். திரும்பி வந்து பனியைத் தள்ளிக்கொண்டு பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டபோது பெரியவர் விரல் நடுங்க நடுங்கப் பேட்டரியைக் காது மெஷினுக்குள் போட முயன்றுகொண்டிருந்தார். என் விரலும் அதே லட்சணத்தில்தான் இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து போட்டோம்.

காதில் மாட்டிக்கொண்டதும் அவர் என்னைத் திட்டவில்லை. சாவியைக் கழற்றி என் கையில் வைத்தார்.

“நீயே ஓட்டும்மா. ஆய்லியக் கூட்டிட்டு வந்து எங்கள வீட்டுல எறக்கிவிட்டுரு. நான் இனிமே ஸ்டியரிங்கத் தொடமாட்டேன்.”

“ஏன், என்ன ஆச்சு?”

“கால் போச்சு” என்றார். “சக்கர வியாதி காலுக்கு வந்துருச்சு, உணர்ச்சி கொறையும், பாத்துக்கோன்னு டாக்டர் சொல்லிக்கிட்டுதான் இருந்தான். மேல இருந்து மிதிக்கிறேன், மிதிக்கிறேன், அடில ஒண்ணுமே இல்ல. பஞ்ச மிதிச்ச மாதிரி இருக்கு. சரி, அந்த நாள் வந்துருச்சுன்னு நெனச்சேன். லாரியக்கூட நான் நெனைக்கல, கேளு. ஆய்லிகிட்ட எப்படிச் சொல்றது, இனி அவள யாரு பார்லருக்குக் கூட்டிட்டுப் போவா, அதத்தான் நெனச்சுக்கிட்டு வந்தேன்.”

அவர் அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. பூப்போட்ட மெத்தையில் சாய்ந்து, தன் வலது முழங்காலைச் செத்த பிராணியைத் தடவுவது போலத் தடவிக்கொண்டிருந்தார். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றிய புத்தியில் மண்ணைப் போட.

“உங்க கால் நல்லாத்தான் இருக்கு” என்றேன்.

“ஆறுதல் சொல்லாதம்மா.”

“ஆறுதல் இல்ல. என் வண்டில பிரேக்கு இல்ல. மூணு தடவ விட்டு விட்டு மிதிச்சாத்தான் பிடிக்கும். கால் இருந்தாலும் அப்படித்தான், இரும்புத் தூணு இருந்தாலும் அப்படித்தான்.” சாவியை அவர் கையில் திருப்பி வைத்தேன். “இந்த வண்டியப் போட்டுப் பாருங்க.”

நம்பாமலே இன்ஜினைப் போட்டார். வலது காலைத் தூக்கிப் பிரேக்கில் வைத்து அழுத்தினார். கெட்டியாக நின்றது. எடுத்தார். மறுபடி அழுத்தினார். நாலைந்து முறை செய்தார். உதடு கோணிக்கொண்டு போயிற்று. இப்போதுதான் அழுதார்.

“என் கால் இல்லயா?”

“இல்ல.”

கையுறையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். கண் மாறியிருந்தது.

“பிரேக்கு இல்லன்னு தெரிஞ்சேவா ஓட்டுன?”

“தெரிஞ்சுதான்.”

“எத்தன நாளா?”

“ரொம்ப நாளா. வியாழக்கெழம சரிபண்றதா இருந்தேன். என் உயிருதானேன்னு நெனச்சேன்.”

“ரோடு என்ன ஒங்கப்பன் வீட்டுதா?” என்றார் சத்தமாக. “அந்தப் பக்கம் ஆய்லி நிக்கிறா. ஜன்னலோரமா, தலைல சுருளு மாட்டிக்கிட்டு, நான் வர்ற வழியப் பாத்துக்கிட்டு நிக்கிறா.”

 கைகழுவிவிட்டு வேறு பேச்சுப் பேச முடியாத இடம் அது. சாலைக்கு அந்தப் பக்கம் பார்லரின் இளஞ்சிவப்புப் பலகை தெரிந்தது. ஜன்னலில் நிஜமாகவே ஒரு உருவம் கையைப் புருவத்துக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆரினுக்குப் போன் செய்தேன். “சுரங்க மேட்டு அடிவாரத்துல பெர்த்தா கெடக்குறா. இழுத்துக்கிட்டுப் போ” என்றேன். “யாருக்கும் ஒண்ணும் ஆகலயே?” என்றான். “ஆகல” என்றேன்.  “வியாழக்கெழமைக்குள்ள...” என்று அவன் தொடங்கினான். “அவசரமே இல்ல. முழுசா சரியாகாம எனக்குச் சாவியக் குடுக்காத. கேட்டாலும் குடுக்காத” என்றேன்.

இல்லத்துக்கும் போன் செய்து இன்று வரமுடியாது என்று சொன்னேன். ஆயிரம் பேர் நிற்பார்களோ என்னவோ, நிற்கட்டும்.

“நீயும் வா” என்றார் ரெய்னோ. “பின்னாடி நசுங்கியிருக்கு, முன்னாடி முட்டை ஒழுகுது. நான் சொன்னா ஆய்லி நம்பமாட்டா. கால் விஷயத்த மறைக்கிறேன்னு என்னத்தான் புடிப்பா. நீயே உன் வாயால சொல்லு.”

“சொல்றேன்.”

வண்டியைப் பின்னுக்கு எடுத்துப் பனியிலிருந்து விடுவித்து, ஸ்டாப் பலகைக் கோட்டுக்கு ஊர்ந்து வந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். தூரத்தில் இன்னொரு லாரி வந்தது. பிரேக்கை மெல்ல ஒரு மிதி மிதித்தார், வண்டி நின்றது. என் பக்கத்தில் பிரேக் கிடையாது. ஆனாலும் என் வலது கால் வெறும் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. மிதித்து எடுத்து, மிதித்து எடுத்து, மிதித்து.

அவர் குனிந்து என் காலைப் பார்த்தார். லாரி கடந்து போனது.

“ஒரு மிதி போதும்மா” என்றார்.